ஷின்சான் வீட்ல எவ்ளோ காசு இருக்கு?

எங்க குடும்ப வாட்ஸப் குரூப்ல ஒரு வீடியோ வந்துச்சு. பின்னாடி டம் டம்னு மியூசிக். முன்னாடி ஜப்பான் கார்ட்டூன் ஷின்சானோட வீட்டுப் படம். மேல கொட்டை எழுத்துல, "ஷின்சான் அப்பா சம்பளம் தெரிஞ்சா ஆடிப் போயிடுவீங்க!"

அந்த மனுஷன் வாங்குற யென்னை ரூபாயா மாத்தி, வருஷத்துக்கு முப்பது லட்சத்துக்கு மேலன்னு காட்டி, ஆகவே இவங்க பணக்காரங்கன்னு தீர்ப்பும் சொல்லிட்டாங்க. எல்லாம் அரை நிமிஷத்துல.

கீழ எங்க பெரியம்மா ஒரு கேள்வி போட்டிருந்தாங்க. "அப்புறம் ஏன்டி அந்த ஷின்சான் அம்மா எப்பப் பாரு தள்ளுபடி தள்ளுபடின்னு கடைக்கு ஓடுறா?"

யாரும் பதில் சொல்லலை. ஒரு ரோஜாப்பூ குட்மார்னிங் வந்து கேள்வியை அமுக்கிருச்சு.

எனக்கு மட்டும் விடலை. ஏன்னா பெரியம்மா கேட்டதுதான் கேள்வி. வீடியோ போட்டவனுக்கு அது தோணவே இல்லை பாருங்க, அதான் எரிச்சல்.

எங்க வீட்ல ரிமோட் என் பொண்ணு கையில. அதனால நான் சமைக்கிறது, துணி மடிக்கிறது, ஆபீஸ் மெயில் பார்க்கிறது எல்லாமே ஷின்சான் சத்தத்துலதான். அவ ஷின்சான் ஆடுற ஆட்டத்தைப் பார்த்துச் சிரிப்பா. நான் பின்னாடி தெரியுற அவங்க கிச்சனைப் பார்ப்பேன். ஃப்ரிட்ஜ் எவ்ளோ பெருசு, மாடி இருக்கா, கார் யாரோடது, நாய்க்கு எங்க இடம். வீடு பார்க்கப் போன பொம்பளைங்களுக்கு இந்தக் கண்ணு தானா வந்துரும். (வாடகை வீட்டுக்குப் போய் முதல்ல பாத்ரூம் குழாயைத் திறந்து பார்க்கிற ஆளு நான்.)

அதனால சரி, நாமளே கணக்குப் போட்டுருவோம்னு உட்கார்ந்தேன்.

முதல்ல ஆளுங்க. இங்க டப்பிங்ல அப்பா பேரு ஹாரி, அம்மா பேரு மிட்சி. ஜப்பான்ல ஹிரோஷி, மிசாயே. குடும்பப் பேரு நொஹாரா. நமக்குப் பழகின பேரையே வெச்சுக்கலாம். ஹாரிக்கு வயசு 35. மிட்சிக்கு 29. ஷின்சானுக்கு 5. அப்புறம் கைக்குழந்தை ஹிமாவாரி, வெள்ளை நாய் ஷிரோ. டிவில இது ஆரம்பிச்சது 1992 ஏப்ரல்ல. ஹிமாவாரி பொறந்தது 1996ல. அன்னையிலேர்ந்து யாருக்கும் ஒரு வயசு கூடக் கூடலை. (எனக்கு மட்டும் கூடிக்கிட்டே போகுது.)

இன்னொன்னும் சொல்லிடறேன். இது குழந்தைங்களுக்காக எழுதின கதையே இல்லை. யோஷிதோ உசுய்ங்கிறவர் 1990ல பெரியவங்க படிக்கிற ஒரு மாங்கா வாரப் பத்திரிகைல ஆரம்பிச்சது. பதிப்பகத்தோட பேரு ஃபுதாபாஷா. அந்தக் குசும்புலதான் ஷின்சான் போற ஸ்கூல் பேரு ஃபுதாபா, அப்பா வேலை பார்க்கிற கம்பெனி பேரு ஃபுதாபா ட்ரேடிங். பெரியவங்க படிச்ச கதைங்கிறதாலதான் இதுல வீட்டுக்கடன், போனஸ், மாமியார், ஒளிச்சு வெச்ச காசு எல்லாம் இவ்ளோ வருது. டோரா கார்ட்டூன்ல டோராவோட அப்பா என்ன சம்பளம் வாங்குறார்னு யாராவது யோசிச்சிருக்கீங்களா? டோராவுக்கு லோனே கிடையாது. (நம்ம அரசாங்கம் 2008ல ஷின்சானைக் கொஞ்ச நாள் தடை பண்ணி வெச்சிருந்துச்சு. அது லோனுக்காக இல்லை, வாய்க்காக.)

சரி, சம்பளம்.

ஹாரி கம்பெனில சின்ன அதிகாரி. கீழ கவாகுச்சின்னு ஒரு ஜூனியர் இருக்கான். மேல திட்டுறதுக்கு ஆளுங்க நிறைய இருக்காங்க. ஜப்பான் ரசிகர்கள் பல வருஷமா இதையே தோண்டித் தோண்டி, இந்த வயசு, இந்தப் பதவி, டோக்கியோ நடுவுல ஆபீஸ், இதுக்கு வருஷம் 60 லட்சம் யென் இல்லைன்னா அதுக்குக் கொஞ்சம் மேலன்னு ஒரு முடிவுக்கு வந்திருக்காங்க. நானும் அந்த 60 லட்சத்தையே எடுத்துக்கறேன்.

அந்த வீடியோக்காரன் பண்ணினது, இதை இன்னைக்கு ரேட்டுல பெருக்கினது. ஒரு யென் இப்ப அரை ரூபாய்க்குக் கொஞ்சம் மேல. ஆக முப்பது லட்சத்துச் சொச்சம்.

இப்ப அதே பெருக்கலை 1992ல பண்ணுங்க. அப்ப ஒரு யென் 20 காசு சுத்தித்தான். அப்ப அதே 60 லட்சம் யென், 12 லட்சம் ரூபாய்தான் ஆகுது. ஹாரி அதே நாற்காலில உட்கார்ந்து அதே நாத்தம் புடிச்ச சாக்ஸ்தான் போட்டிருக்கார். அவர் வாங்குற டோஃபு விலை நம்ம ரூபாயைக் கேட்டுக்கிட்டு ஏறாது. அவர் லோன் வாங்கினது வேளச்சேரி பிராஞ்சுல இல்லை. ரூபாயா மாத்தினா ரூபாயைப் பத்தித்தான் தெரியும், ஹாரியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. அந்த வழி வேலைக்காகலை.

அடுத்து, அவங்க ஊர் ஆளுங்களோட வெச்சுப் பார்த்தேன். ஜப்பான் வரித்துறை வருஷா வருஷம் தனியார் கம்பெனி ஆளுங்களோட சராசரி சம்பளத்தைச் சொல்லும். 1997ல அது சுமார் 46 லட்சத்து 70 ஆயிரம் யென். 2022ல சுமார் 45 லட்சத்து 80 ஆயிரம்.

இன்னொரு தடவை படிங்க. அச்சுப்பிழை இல்லை. இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு சராசரி சம்பளம் குறைஞ்சிருக்கு. நம்ம ஊர்ல 1997ல மாசம் அஞ்சாயிரம் வாங்கினவர் இன்னைக்கும் அதேதான் வாங்குறார்னு சொன்னா நம்புவோமா? அங்க கிட்டத்தட்ட அப்படித்தான் நடந்திருக்கு. 1990களோட தொடக்கத்துல அவங்க பொருளாதாரக் குமிழி உடைஞ்சதுல ஆரம்பிச்ச கதை அது.

ஆக, 60 லட்சம் வாங்குற ஹாரி சராசரிக்கு மேல. அப்பவும் மேல, இப்பவும் மேல. அப்ப பெரியம்மா கேள்வி இன்னும் பலமாகுது. சராசரிக்கு மேல வாங்குறவன் பொண்டாட்டி எதுக்குச் சாயங்காலம் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டுற நேரம் பார்த்துக் கடைக்கு ஓடணும்? (அங்க சூப்பர் மார்க்கெட்ல கடை மூடுற நேரத்துக்கு மீன், சாப்பாட்டு டப்பா மேல எல்லாம் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டுவாங்க. ஸ்டிக்கர் ஒட்டுற பையன் பின்னாடியே ஒரு கூட்டம் நிக்கும். எனக்கு அந்த ஊர் ரொம்பப் பிடிச்சுப் போச்சு.)

பதில் அந்த வீட்லதான் இருக்கு.

வீடு எங்க இருக்குன்னா, கசுகாபே. சைதாமா மாநிலம். டோக்கியோ நடுவுலேர்ந்து வடக்கால சுமார் 35 கிலோமீட்டர். சென்னைல வேலை, கூடுவாஞ்சேரில வீடுன்னு வெச்சுக்கங்க, தூரம் அப்படித்தான். ஹாரி ஆபீஸ் இருக்கிறது கசுமிகசேகி. அரசாங்க அமைச்சகங்க வரிசையா இருக்கிற ஏரியா. கசுகாபேல ஏறினா அதே ரயில் டோபு லைன்லேர்ந்து ஹிபியா சப்வேக்குள்ள நுழைஞ்சு நேரா ஆபீஸ் வாசல்ல இறக்கி விட்டுரும். ஒரு மணி நேரம், பெரும்பாலும் நின்னுக்கிட்டு. ரயில் பாஸ் காசை அங்க பொதுவா கம்பெனியே குடுத்துரும்.

தனி வீடு. ரெண்டு மாடி. முன்னாடி குட்டித் தோட்டம், அதுல ஷிரோ கூண்டு. சொந்தக் கார். பார்க்க அம்சமா இருக்கும். ஆனா இந்த வீட்டுக்கு இன்னும் 32 வருஷம் லோன் பாக்கி. ஹாரி கஷ்டம் வர்றப்பல்லாம் புலம்புற வசனம் அது. உலகத்தைக் காப்பாத்தப் போற சினிமாவுல கூட மனுஷன் லோனைத்தான் பேசுவார். 35 வயசுல 32 வருஷம்னா 67. பேரன் பேத்தி எடுத்த பிறகும் கட்டிக்கிட்டு இருப்பார்.

ஜப்பான்ல வீட்டுக்கடன் பொதுவா 35 வருஷம். 32 பாக்கின்னா மூணு வருஷம் கட்டியாச்சு. சீரியல் 1992. அப்ப வீடு வாங்கினது 1989.

1989!

எனக்கு இங்க வந்ததும் தூக்கமே போச்சு. ஜப்பான் வரலாற்றுலயே வீடு வாங்கக் கூடாத வருஷம் ஒண்ணு உண்டுன்னா அது இதுதான். நிலம் விலை வானத்துல. பங்குச் சந்தைக் குறியீடு நிக்கேய் அந்த வருஷம் டிசம்பர் 29ஆம் தேதி 38,915ல போய் நின்னுச்சு. அப்புறம் இறங்கினது, மறுபடி அந்த உயரத்தைத் தாண்டினது 2024லதான். நிலமும் இறங்குச்சு. 1992லேர்ந்து பத்து வருஷத்துக்கு மேல, வருஷா வருஷம் இறக்கம்தான். அதுவும் அங்க மரவீட்டுக்கு ஒரு இருபது இருபத்தஞ்சு வருஷம் ஆனா கட்டடத்துக்கு மதிப்பே போடமாட்டாங்க, மண்ணுக்கு மட்டும்தான் விலை. அந்த மண்ணு விலையும் சரிஞ்சா?

இப்ப வட்டி. குமிழி உச்சத்துல, 1990-91ல, அங்க பேங்க்கோட மாறும் வட்டி எட்டரை சதவீதம் வரைக்கும் போச்சு. அரசாங்க வீட்டுக்கடன் கழகத்துலயே அஞ்சரை. நமக்கு எட்டரை பழகிப் போச்சு, நாம கண்டுக்க மாட்டோம். ஆனா நமக்குச் சம்பளமும் ஏறும், மனை விலையும் ஏறும், பத்து வருஷத்துல இஎம்ஐ சின்னதாத் தெரியும். ஹாரிக்கு அந்த வரம் இல்லை.

ஒரு கணக்குப் போட்டேன். லோன் தொகை எவ்ளோன்னு கதைல நான் பார்த்ததில்லை, அதனால ஒரு 3 கோடி யென்னு வெச்சுக்கிட்டேன். 35 வருஷம், 5 சதவீதம். மாசத் தவணை சுமார் 1 லட்சத்து 51 ஆயிரம் யென்.

ஹாரி கைக்கு மாசம் எவ்ளோ வரும்? 60 லட்சத்துல கோடைக்கு ஒண்ணு, குளிருக்கு ஒண்ணுன்னு ரெண்டு போனஸ் தனியாப் போயிரும். மிச்சத்துல வரி, காப்பீடு, பென்ஷன் பிடிச்சது போக, மாசம் 3 லட்சம் யென் வந்தாப் பெருசு.

அதாவது பாதிச் சம்பளம் வீட்டுக்கு. மிச்சம் பாதில ரெண்டு குழந்தைங்க, ஒரு நாய், கார், ஸ்கூல் ஃபீஸ், ஷின்சான் கேட்கிற சாக்கோபி ஸ்னாக்ஸ், ஹாரி குடிக்கிற பீர், தவிர மிட்சியோட தங்கச்சி வந்து மாசக்கணக்குல படுத்துக்கிட்டு இருக்கா.

பெரியம்மா, கேட்டீங்களே. இதான் காரணம். மிட்சி தள்ளுபடிக்கு ஓடலை. லோனுக்கு ஓடுறா.

இதை எங்க வீட்டுக்காரர்கிட்ட ராத்திரி சொன்னேன். அவர் பேங்க்ல வேலை. "போனஸ் மாசத்துல கூடுதலாக் கட்டுற மாதிரி லோன் போட்டிருப்பான், அதைச் சேர்த்தியா?"ன்னு கேட்டார். உண்மைதான், ஜப்பான்ல அப்படி ஒரு ஏற்பாடு உண்டு. மாசத் தவணை கம்மியா, போனஸ் மாசம் ரெண்டுலயும் பெரிய தொகையா. கேட்க நல்லா இருக்கும். பொருளாதாரம் படுத்து கம்பெனி போனஸை வெட்டினா மாட்டிக்கிட்டோம். அங்க அந்தக் காலத்துல நிறையப் பேர் அப்படித்தான் மாட்டினாங்க. ஹாரி போனஸ் கவரைப் பார்த்ததும் அந்த வீட்ல ஏன் அவ்ளோ ஆட்டம் பாட்டம்னு இப்பப் புரியுது. அது போனஸ் இல்லைங்க, தவணை.

(இதுல இன்னொன்னு. அங்க வீட்டுக்கடன் வாங்குறப்பவே பொதுவா ஆயுள் காப்பீடும் கூடவே வந்துரும். கடன் வாங்கினவர் போயிட்டா மிச்சக் கடனைக் காப்பீட்டுக் கம்பெனி அடைச்சிடும். எங்க வீட்டுக்காரர் இதைச் சொல்லிட்டு என்னையே பார்த்தார். நான் ஒண்ணும் சொல்லலை, சப்பாத்தி மாவு பிசைஞ்சுக்கிட்டு இருந்தேன்.)

அப்போ 1992 கணக்குப்படி, வீட்டை வித்தாக்கூட லோன் அடையாத நிலைமை. சொத்துன்னு பார்த்தா மைனஸ். வெளில ரெண்டு மாடி, உள்ள மைனஸ். அதுலயும் ஒரு கட்டத்துல காஸ் வெடிச்சு வீடே தரைமட்டமாகி, குடும்பத்தோட ஒரு ஓட்டை அபார்ட்மென்ட்டுக்குக் குடி போனாங்க. அந்த எபிசோடெல்லாம் என் பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சா. எனக்கு வயிறு கலங்குச்சு.

ஆனா இந்த வீட்டுக்கு ஒரு ப்ளஸ் இருக்கு, சொல்லாம இருக்க முடியலை. கசுகாபே நிலத்துக்கடியில ஒரு வெள்ள வடிகால் கட்டி வெச்சிருக்காங்க. அம்பது மீட்டர் ஆழத்துல 6.3 கிலோமீட்டர் சுரங்கம். சின்ன ஆறுங்க பொங்கினா தண்ணியை உள்ள வாங்கி, பெரிய ஆத்துக்கு பம்ப் பண்ணித் தள்ளும். அதுல ஒரு தொட்டி மட்டும் 177 மீட்டர் நீளம், 59 தூண். ஒவ்வொரு தூணும் 500 டன். உள்ள போனா கோயில் ஆயிரங்கால் மண்டபம் கணக்கா நிக்கும், டூரே கூட்டிட்டுப் போறாங்க. 2006ல முழுசா முடிச்சாங்க. நான் இருக்கிறது வெள்ளத்துக்குப் பேர்போன சென்னை வேளச்சேரில. இதுக்கு மேல நான் என்ன சொல்ல. ஹாரி, லோனைக் கட்டுங்க சார், ஊர் நல்ல ஊர்.

(அந்த ஊர்க்காரங்களுக்கும் இவங்க மேல பாசம். கசுகாபே நகராட்சி நொஹாரா குடும்பத்தைத் தன்னோட சிறப்புக் குடியிருப்பாளர்களாவே பதிஞ்சு வெச்சிருக்கு.)

இப்ப மிட்சிக்கு வர்றேன். எனக்கு அந்தக் கதைல பிடிச்ச ஆள் அவதான்.

ஜப்பான்ல ரொம்ப வீடுகள்ல சம்பளம் மொத்தமும் பொண்டாட்டி கையிலதான் போகும். அவ புருஷனுக்கு மாசாமாசம் கைச்செலவுக்குக் காசு குடுப்பா. அது எவ்ளோன்னு அங்க ஒரு பேங்க்கே சர்வே எடுத்திருக்கு. 1990 வாக்குல சராசரிக் கைச்செலவு மாசம் 70 ஆயிரம் யென்னைத் தாண்டி இருந்துச்சு. இப்ப 40 ஆயிரத்தைச் சுத்தித்தான். சம்பளம் நின்ன இடத்துல நின்னப்ப வெட்டு முதல்ல விழுந்தது புருஷன் பாக்கெட்லதான். ஹாரி மிட்சிகிட்ட இன்னும் கொஞ்சம் குடேன்னு கெஞ்சுற காட்சிக்கெல்லாம் ஜப்பான் ஆம்பளைங்க கண் கலங்கிப் பார்த்திருப்பாங்கன்னு நினைக்கிறேன்.

அவ என்ன பண்றா? ஒளிச்சு வெக்கிறா. புருஷனுக்குத் தெரியாம நோட்டைக் கவர்ல போட்டு எங்கயாவது சொருகி வெக்கிறா. ஷின்சான் அதைக் கண்டுபிடிச்சு மானத்தை வாங்குறான். இதைப் பார்க்கிறப்பல்லாம் எனக்கு எங்க பாட்டியோட கடுகு டப்பா, எங்கம்மாவோட புடவை மடிப்பு, (நான் சொல்ல மாட்டேன், எங்க வீட்டுக்காரர் இதைப் படிப்பார்) எல்லாம் ஞாபகம் வரும். நோட்டு செல்லாதுன்னு அறிவிச்ச 2016 நவம்பர்ல நம்ம ஊர்ல எத்தனை டப்பா வெளில வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். எத்தனையோ ஆம்பளைங்க அன்னைக்குத்தான் தன் வீட்ல இவ்ளோ காசு இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டாங்க.

ஒரு வீட்டுச் சொத்துக் கணக்கு போடுறப்ப இந்தக் கவரை யாரும் சேர்க்கிறதில்லை. நான் சேர்க்கறேன். மிட்சி டயட் சாமான், ஒரு தடவைகூடப் போடாத டிரெஸ்னு காசை விடவும் செய்வா, அதையும் கழிச்சுக்கறேன். அப்பவும் ப்ளஸ்தான்.

அவ வேலைக்குப் போகலைங்கிறதும் கணக்குல வரணும். 1980ல ஜப்பான்ல புருஷன் மட்டும் சம்பாதிக்கிற குடும்பம் ஒரு கோடிக்கு மேல, ரெண்டு பேரும் சம்பாதிக்கிறது 60 லட்சத்துச் சொச்சம். 90கள்ல ரெண்டும் சமமாச்சு. இப்பத் தலைகீழ். ரெண்டு பேரும் போறது ஒரு கோடியைத் தாண்டியாச்சு, ஒரு சம்பளக் குடும்பம் 50 லட்சத்துக்குக் கிட்ட. ஒத்தைச் சம்பளத்துல வீடு, கார், ரெண்டு குழந்தைங்க, நாய் எல்லாம் வெச்சு நடத்துறது இன்னைக்கு அங்க சாதாரண விஷயம் இல்லை.

இங்கதான் கதை திரும்புது.

1992ல ஜப்பான்காரங்க ஹாரியை எப்படிப் பார்த்தாங்க? கால் நாத்தம், பொண்ணுங்களைப் பார்த்து வழியுறது, பொண்டாட்டிக்குப் பயம், பதவியும் பெருசா இல்லை, வீடும் ஒரு மணி நேரத் தூரத்துல. சிரிக்கிறதுக்குன்னு வெச்ச சராசரி அப்பா. அதுக்கும் ஒரு படி கீழன்னே சொல்லலாம்.

இன்னைக்கு அதே ஊர்ல, இணையத்துல, முப்பது வயசுக்காரங்க பேசிக்கிறது என்ன தெரியுமா? "ஹாரி ஜெயிச்ச மனுஷன்யா." நிரந்தர வேலை, 35ல பதவி, சொந்த வீடு, கார், கல்யாணம், ரெண்டு குழந்தைங்க. சின்ன வயசுல பார்த்துச் சிரிச்சவங்க அந்த வயசுக்கு வந்தப்ப அவங்ககிட்ட இதுல பாதி இல்லை. 1990ல அங்க வேலை பார்த்தவங்கள்ல அஞ்சுல ஒருத்தர்தான் நிரந்தரம் இல்லாத வேலைல இருந்தாங்க. இப்ப மூணுல ஒருத்தருக்கு மேல. கான்ட்ராக்ட், பகுதி நேரம், ஏஜென்சி வேலை. அவங்களுக்கு 35 வருஷ லோன் எவன் குடுப்பான்? ஹாரி புலம்புற அந்த 32 வருஷ லோனே இன்னைக்கு ஒரு அந்தஸ்து.

அதோட அந்தக் குடும்பத்துக்கு வயசே ஆகலைங்கிறதால ஒரு வேடிக்கை நடக்குது. எந்த வருஷம் பார்த்தாலும் லோன் 32 வருஷம்தான் பாக்கி. அதாவது எந்த வருஷம் பார்த்தாலும் வீடு வாங்கி மூணு வருஷம்தான் ஆகுது. 2015 எபிசோடா? அப்ப வாங்கினது 2012. வட்டி சரிஞ்சு கிடந்த நேரம். அதே 3 கோடியை 1 சதவீதத்துல போட்டுப் பாருங்க. மாசத் தவணை 85 ஆயிரத்துக்கு வந்துரும். பாதிச் சம்பளம் போன இடத்துல, இப்ப மூணுல ஒரு பங்கு கூடப் போகலை. போதாக்குறைக்கு 2019 அக்டோபர்லேர்ந்து 3 முதல் 5 வயசுக் குழந்தைங்களுக்கு கிண்டர்கார்டன் கட்டணத்தை அரசாங்கமே ஏத்துக்குது. தனியார் ஸ்கூலா இருந்தாலும் ஒரு வரம்பு வரைக்கும். ஷின்சானுக்கு 5 வயசு. எப்பவுமே 5 வயசு! அந்தச் சலுகை அவனுக்கு ஆயுசுக்கும் உண்டு.

ஆக அதே ஆள், அதே சம்பளம், அதே வீடு. 1992ல மைனஸ்ல இருந்த குடும்பம், 2020கள்ல பக்கத்து வீட்டுக்காரங்க பொறாமைப்படுற குடும்பம். அவங்க ஒரு அடி நகரலை. சுத்தி இருந்த நாடு கீழ இறங்கிருச்சு, வட்டியும் கூடவே இறங்கிருச்சு.

அந்த வீடியோக்காரன் இதைச் சொல்லியிருந்தா நான் ஏன்டா கோவப்படப் போறேன்?

ஆனா பணக்காரங்களான்னு கேட்டா, இல்லை. பணக்காரங்க எப்படி இருப்பாங்கன்னு அதே சீரியல்லயே காட்டியிருக்காங்க. ஷின்சான் மேல பைத்தியமா இருக்காளே ஆய்னு ஒரு குட்டிப் பொண்ணு, அவ பெரிய நீளக் கார்ல வந்து இறங்குவா. கூடவே கறுப்புக் கண்ணாடி போட்ட பாடிகார்டு குரோய்சோ. கிண்டர்கார்டனுக்கு பாடிகார்டு! அது பணக்காரக் குடும்பம். ஷின்சானோட ஃப்ரெண்டு கஸாமா வீடு அடுத்த படி. நல்ல அடுக்குமாடி, இங்கிலீஷ் டியூஷன், மகனை நல்ல ஸ்கூல்ல சேர்க்கணும்னு அம்மா படுற பாடு. அவங்க மேல ஏறிக்கிட்டு இருக்கிறவங்க. நொஹாரா வீட்ல யாரும் ஏறவும் இல்லை, ஏறணும்னு பெருசா நினைக்கவும் இல்லை. மிட்சி ஷின்சானை டாக்டர் ஆக்கணும்னு ஒரு நாளாவது சொல்லி நான் கேட்டதில்லை. காலைல அவன் ஸ்கூல் பஸ்ஸை விடாமப் புடிச்சாப் போதும் அவளுக்கு. (எங்க அப்பார்ட்மென்ட் அம்மாக்கள் குரூப்ல இவளைச் சேர்த்தா ரெண்டு நாள்ல வெளிய தள்ளிருவாங்க.)

பெரியம்மாவுக்கு இதையெல்லாம் வாய்ஸ் மெசேஜா அனுப்பினேன். ரொம்பவே நீளம். கேட்டுட்டு ஒரே ஒரு பதில் போட்டாங்க. "புள்ளைய அடிக்கிறா, அது தப்பு. மத்தபடி குடும்பம் நடத்தத் தெரிஞ்சவ."

சரி, என் தீர்ப்பு. ஹாரி வீடு மேல்மட்ட நடுத்தரம். 1992ல கடன்ல கழுத்து வரைக்கும், இன்னைக்கு இடுப்பு வரைக்கும். அந்த வீட்ல கணக்குத் தெரிஞ்ச ஒரே ஆள் மிட்சி. அவ கையில சம்பளம் போகாம ஹாரி கையில இருந்திருந்தா வீடு எப்பவோ பேங்க்குக்குப் போயிருக்கும்.

அடுத்து இன்னொரு ஜப்பான் கார்ட்டூன்ல வர்ற நோபிதா வீட்டைப் பார்க்கலாம்னு இருக்கேன். ஆரம்பிச்சதுமே ஒண்ணு தெரிஞ்சுபோச்சு. டோக்கியோவுக்குள்ள ரெண்டு மாடி வெச்சிருக்காங்களேன்னு ஷின்சான் வீட்டைவிட வசதின்னு நினைக்காதீங்க. அது வாடகை வீடு.